சேவைத் தொழிலில் புதுமை எப்போது லாபமாகிறது?



இந்த அரங்கில் ஓட்டல் நடத்துகிறவர்கள் இருக்கிறீர்கள். பார்சல் சர்வீஸ், ஸ்கேன் சென்டர், டிராவல்ஸ், தனியார் பள்ளி, ஆடிட்டர் அலுவலகம் என்று பலவகைத் தொழில்களிலிருந்து வந்திருக்கிறீர்கள். பொருள் செய்து விற்கிறவர்கள் இங்கே குறைவு. வேலை செய்துகொடுத்து அதற்குப் பணம் வாங்குகிறவர்களே மிகுதி. நாட்டின் கணக்கும் இப்படித்தான் இருக்கிறது. இந்தியாவின் மொத்த உற்பத்தி மதிப்பில் பாதிக்கு மேல் இன்று சேவைத் துறையிலிருந்து வருகிறது.

ஆனால் புதுமையைப் பற்றி எழுதியவர்கள் நெடுநாள் தொழிற்சாலையை மட்டுமே பார்த்தார்கள். ஒரு நாட்டில் எவ்வளவு புதுமை நடக்கிறது என்று அளப்பதற்கு, பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான ஓ.இ.சி.டி. அமைப்பு ஓஸ்லோ கையேடு என்று ஒன்றை வெளியிடுகிறது. 1992-இல் வந்த முதல் பதிப்பு உற்பத்தித் தொழில்களின் தொழில்நுட்பப் புதுமையை மட்டும் கணக்கில் எடுத்தது. 1997 பதிப்பில்தான் சேவைத் தொழில்கள் உள்ளே வந்தன. வேலையை ஒழுங்குபடுத்தும் முறையில் செய்யும் மாற்றமும் ஒரு புதுமைதான் என்று அந்தக் கையேடு ஒப்புக்கொள்ள 2005 வரை ஆயிற்று. உங்களைப் போன்றவர்கள் அன்றாடம் செய்துவரும் ஒன்றுக்குப் பெயர் கிடைக்கவே அத்தனை ஆண்டுகள்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். யார் எந்த வேலையைச் செய்வது, எந்த வரிசையில் செய்வது, வாடிக்கையாளர் எங்கே எவ்வளவு நேரம் காத்திருப்பது என்ற ஏற்பாடு மாறும்போதுதான் சேவைத் தொழிலின் கல்லாவில் வித்தியாசம் தெரிகிறது. புதுக் கருவி அந்த மாற்றத்துக்கு உதவலாம். கருவி மட்டும் வந்து ஏற்பாடு பழையபடியே இருந்தால் மிஞ்சுவது மாதத் தவணைதான். கருவியை எதிர்க்கடைக்காரரும் அடுத்த மாதமே வாங்கிவிடுவார். ஏற்பாட்டை விலைக்கு வாங்க முடியாது. அதைக் கட்டித்தான் ஆகவேண்டும்.

முதலில் சேவைத் தொழிலின் அடிப்படைச் சிக்கலைச் சொல்லிவிடுகிறேன். 1966-இல் வில்லியம் பாமோல், வில்லியம் போவன் என்ற இரு அமெரிக்கப் பொருளாதார அறிஞர்கள் நாடகம், இசை முதலிய நிகழ்கலைகளின் வரவுசெலவை ஆராய்ந்து ஒரு நூல் வெளியிட்டார்கள். நெசவாலையிலும் மோட்டார் தொழிற்சாலையிலும் ஒரு தொழிலாளி ஒரு மணி நேரத்தில் செய்து முடிக்கும் பொருளின் அளவு ஆண்டுக்கு ஆண்டு கூடுகிறது. அதனால் அங்கே கூலி உயர்ந்தாலும் பொருளின் அடக்கவிலை உயர வேண்டியதில்லை. இசைக்குழுவுக்கு அந்த வசதி கிடையாது. நான்கு பேர் சேர்ந்து வாசிக்கும் ஓர் உருப்படிக்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன் எத்தனை பேர், எத்தனை நிமிடம் தேவைப்பட்டதோ அத்தனையும் இன்றும் தேவை. அதற்காகக் கலைஞருக்குப் பழைய கூலியையே கொடுத்துக்கொண்டிருக்க முடியாது. கொடுத்தால் அவர் பிள்ளை வேறு வேலைக்குப் போய்விடுவார். ஆகவே கூலி ஏறும், வேலையின் அளவு ஏறாது, கட்டணம் ஏறிக்கொண்டே போகும். பாமோலின் செலவு நோய் என்று பொருளியல் மாணவர்கள் இதைப் படிக்கிறார்கள்.

நம் ஊர் நாதசுரக் கச்சேரியை வைத்துப் பாருங்கள். தோடியை விரித்து வாசிக்க ஒரு மணி நேரம் வேண்டுமென்றால் வேண்டும்தான். இருபது நிமிடத்தில் முடித்துக்கொடுத்துவிட்டு உற்பத்தித்திறன் மூன்று மடங்காகிவிட்டது என்று எந்த வித்வானும் சொல்ல மாட்டார். முடிவெட்டுவது, குழந்தைக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது, படுத்த படுக்கையாய்க் கிடக்கும் முதியவரைக் கவனித்துக்கொள்வது எல்லாம் இந்த வகைதான். பள்ளிக் கட்டணமும் ஆஸ்பத்திரிச் செலவும் டிவி விலையைப் போல ஏன் இறங்குவதில்லை என்பதற்குப் பாதி விளக்கம் இதில் இருக்கிறது.

இந்தக் கணக்கை அப்படியே ஏற்றுக்கொண்டால் சேவைத் தொழிலில் புதுமைக்கு அதிக இடமில்லை என்றாகிவிடும். கண்புரை அறுவைக்கும் இதே சிக்கல்தான். ஒரு மருத்துவரின் இரண்டு கைகள், ஒரு கண், சில நிமிடங்கள். அதை விரட்டிச் செய்ய முடியாது, விரட்டவும் கூடாது. ஆனால் அந்தத் தொழிலில்தான், நம் தமிழ்நாட்டிலேயே, மதுரை அண்ணா நகரில், இந்தக் கணக்கு வேறுவிதமாக எழுதப்பட்டது. இன்றைய பேச்சில் பெரும்பகுதியை அதற்கே ஒதுக்குகிறேன். அங்கே இருக்கும் அரவிந்த் கண் மருத்துவமனையின் தொண்டு பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். அதன் பொருளாதாரத்தைப் பற்றி அந்த அளவுக்குப் பேசவில்லை.

டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி 1918-இல் எட்டயபுரத்துக்குப் பக்கத்தில் வடமலாபுரம் கிராமத்தில் பிறந்தவர். இளம் வயதிலேயே முடக்குவாதம் வந்து அவருடைய விரல்கள் கோணிக்கொண்டன. அந்த விரல்களாலேயே கத்தி பிடிக்கப் பழகி, தம் வாழ்நாளில் லட்சத்துக்கும் மேற்பட்ட கண்களுக்கு அறுவை செய்தார். அரசுப் பணியில் இருந்து 58 வயதில் ஓய்வு பெற்று, 1976-இல் ஒரு வீட்டில் 11 கட்டில்களோடு அந்த மருத்துவமனையைத் தொடங்கினார். கண் மருத்துவர்களான தங்கை நாச்சியாரும் மைத்துனர் நம்பெருமாள்சாமியும் கூட இருந்தார்கள். பிறகு தேனி, திருநெல்வேலி, கோவை, புதுச்சேரி என்று கிளைகள் வந்தன. இன்று அந்த நிறுவனத்தில் ஆண்டுக்குப் பல லட்சம் அறுவைகள் நடக்கின்றன. நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ சிகிச்சை பெறுகிறார்கள். இருந்தும் அன்றாடச் செலவுக்கு நன்கொடையை நம்பி அந்த மருத்துவமனை நடக்கவில்லை. கட்டணம் செலுத்துகிறவர்களின் பணத்திலேயே எல்லாம் நடந்து மிச்சமும் விழுகிறது. அந்த மிச்சம்தான் பெருமளவு விரிவாக்கத்துக்கும் போயிற்று. ஹார்வர்டு வணிகப் பள்ளி 1993-இல் இதைப் பாடமாக்கியது.

இது எப்படி முடிந்தது? அறுவைக் கூடத்துக்குள் போவோம்.

ஒரு மருத்துவருக்கு இரண்டு மேசைகள். முதல் மேசையில் அவர் அறுவை செய்துகொண்டிருக்கும்போதே இரண்டாம் மேசையில் அடுத்த நோயாளி படுத்திருக்கிறார். மரத்துப்போவதற்கான ஊசி ஏற்கெனவே போடப்பட்டிருக்கிறது. கண் சுத்தம் செய்யப்பட்டு, கருவிகள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. முதல் அறுவை முடிந்ததும் நுண்ணோக்கி அடுத்த மேசைப் பக்கம் திரும்புகிறது, மருத்துவரும் திரும்புகிறார். முதல் நோயாளிக்குக் கட்டுப்போட்டு வெளியே அழைத்துப்போகும் வேலையைச் செவிலியர் பார்த்துக்கொள்கிறார்கள். ஒரு மணி நேரத்தில் ஆறு முதல் எட்டு அறுவைகள் வரை நடக்கும். ஆண்டுக் கணக்கில் அங்கே ஒரு மருத்துவர் சுமார் 2,000 அறுவைகள் செய்கிறார். நாட்டின் சராசரி 400 அளவில் இருப்பதாகச் சொல்லப்படுகிறது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். கண்ணுக்குள் நடக்கும் வேலையின் நேரம் இந்த ஏற்பாட்டால் குறையவில்லை. ஒரு அறுவைக்கும் அடுத்த அறுவைக்கும் நடுவே, அடுத்த நோயாளி தயாராகும்வரை மருத்துவர் காத்திருந்த நேரம்தான் ஏறக்குறைய இல்லாமல் போயிற்று. பாமோல் சொன்னது பொய்யாகவில்லை. ஆலாபனையின் நேரம் அப்படியே இருக்கிறது. ஆனால் ஒரு நாள் முழுவதையும் எடுத்துப் பார்த்தால், கைதேர்ந்த ஒருவரின் நேரத்தில் உண்மையான வேலைக்குப் போவது சிறு பங்குதான் என்பதை வெங்கடசாமியும் அவருடன் இருந்தவர்களும் கண்டுகொண்டார்கள். மீதிப் பங்கை அவர்கள் வேறு கைகளுக்கு மாற்றினார்கள்.

அந்த வேறு கைகள் யாருடையவை? பெரும்பாலும் சுற்றுவட்டாரக் கிராமத்துப் பெண்களுடையவை. பள்ளிப்படிப்பு முடித்த பெண்களைத் தேர்ந்தெடுத்து, இரண்டு ஆண்டுகள் உள்ளேயே பயிற்சி கொடுத்து, கண் பார்வை அளப்பது, கண்ணழுத்தம் பார்ப்பது, நோயாளிக்கு விளக்கிச் சொல்வது, அறுவையில் துணைநிற்பது என்று ஒவ்வொருவருக்கும் ஒரு துறையில் தேர்ச்சி வரச் செய்தார்கள். என்னைக் கேட்டால் அரவிந்தின் மிகப் பெரிய புதுமை இந்தப் பெண்கள்தான். இரட்டை மேசையை யாரும் படம் பிடித்துக்கொண்டு போகலாம். தயாராக நிற்கும் பெண்கள் இல்லாவிட்டால் அந்த இரண்டாம் மேசையில் நோயாளி வெறுமனே படுத்திருப்பார், அவ்வளவுதான்.

அடுத்து அடக்கவிலை. ஒரு கணக்குக்காக, ஓர் அறுவைக் கூடத்தின் மாதச் செலவு, அதாவது மருத்துவர் சம்பளம், செவிலியர் சம்பளம், கட்டடம், கருவித் தேய்மானம் எல்லாம் சேர்ந்து 10 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 100 அறுவை நடந்தால் ஒரு கண்ணுக்கு 10,000 ரூபாய். 500 நடந்தால் 2,000 ரூபாய். சேவைத் தொழிலில் செலவின் பெரும்பகுதி இப்படி வேலை நடந்தாலும் நடக்காவிட்டாலும் போய்க்கொண்டேயிருக்கும் செலவு. காலியாக ஓடிய பஸ் இருக்கையையும் ஆள் வராத டாக்டர் நேரத்தையும் கிடங்கில் அடுக்கிவைத்து நாளைக்கு விற்க முடியாது. ஆகவே சேவை நிறுவனத்தின் லாபநட்டம், அதன் விலையுயர்ந்த நேரம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதைப் பொறுத்தே பெரும்பாலும் அமைகிறது.

சரி, அந்த 500 பேர் எங்கிருந்து வருவார்கள்? கிராமத்தில் பார்வை மங்கிய பாட்டிக்குத் தமக்கு வந்திருப்பது குணப்படுத்தக்கூடிய நோய் என்பதே தெரியாது. தெரிந்தாலும் பஸ் செலவு, கூட வருபவரின் கூலி இழப்பு எல்லாம் இருக்கிறது. அதனால் மருத்துவமனை கிராமங்களில் முகாம் நடத்தி, அறுவை தேவைப்படுவோரைத் தன் செலவிலேயே அழைத்துவந்து, உணவும் கொடுத்துத் திருப்பி அனுப்பியது. இதை வெறும் தருமமாகப் பார்ப்பவர்கள் பாதியைத்தான் பார்க்கிறார்கள். முகாம்கள் அறுவைக் கூடத்தை நிரப்பின. நிரம்பிய கூடம் அடக்கவிலையை இறக்கியது. அடக்கவிலை இறங்கியதால் கட்டணம் செலுத்துவோரிடமும் நியாயமான தொகை வாங்க முடிந்தது, அதனால் அவர்களும் கூட்டமாக வந்தார்கள். அதிக அறுவை செய்த மருத்துவருக்குக் கை இன்னும் பழகியது. தருமமும் கணக்கும் ஒன்றையொன்று தாங்கி நின்றன.

அதிலும் அவர்கள் திருப்தியடைந்துவிடவில்லை. 1990-களின் இறுதியில் நடந்த ஓர் ஆய்வு, முகாம் நடந்த பகுதிகளிலேயே கண் சிக்கல் உள்ளவர்களில் நூற்றுக்கு ஏழு பேர் அளவில்தான் முகாமுக்கு வருகிறார்கள் என்று காட்டியது. நன்றாக நடக்கிறது என்று எல்லாரும் பாராட்டிய ஒரு முறையைப் பற்றி இப்படியொரு எண் கையில் கிடைத்தால் பலர் அதை மேசை டிராயரில் போட்டுப் பூட்டிவிடுவார்கள். இவர்கள் அதை வைத்துக்கொண்டு நிரந்தரமான சிறு பார்வை மையங்களைத் திறந்தார்கள். அங்கே பயிற்சி பெற்ற ஒரு பெண் கண்ணைப் பரிசோதிப்பார். நகரத்து மருத்துவர் திரையில் நோயாளியோடு பேசுவார். கண்ணாடி போதுமென்றால் அங்கேயே கிடைக்கும். இப்படிப்பட்ட மையங்கள் இன்று நூற்றுக்கும் மேல். திரையும் இணைய இணைப்பும் யாருக்கும் கிடைப்பவைதாம். ஆனால் மருத்துவரின் நேரத்தை வேறு கைகளுக்கு மாற்றிப் பழகிய நிறுவனத்துக்கு அந்தத் திரை உடனே பயன்பட்டது.

லென்ஸ் கதையும் உண்டு. புரையை எடுத்த பிறகு கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் அப்போது இறக்குமதிப் பொருள். விலை நூறு டாலர் அளவில் இருந்தது. ஏழை நோயாளிக்கு அதை வைப்பதை நினைத்தும் பார்க்க முடியவில்லை. தடித்த கண்ணாடியோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். 1992-இல் மதுரையிலேயே ஆரோலேப் என்ற நிறுவனத்தைத் தொடங்கி லென்ஸைத் தாங்களே செய்ய ஆரம்பித்தார்கள். விலை பத்து டாலருக்கும் கீழே வந்தது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு இங்கிருந்து போகிறது. சேவை செய்து வந்த ஒரு நிறுவனம், தன் சேவைக்குத் தடையாக நின்ற ஒரு பொருளுக்காகத் தொழிற்சாலையே கட்டிக்கொண்டது.

அவசரத்தில் தரம் கெட்டிருக்குமே என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். அறுவைக்குப் பின் கண்ணுக்குள் கிருமி தொற்றுவதுதான் இதில் பெரிய ஆபத்து. அரவிந்த் மருத்துவர்கள் தங்கள் 6 லட்சம் அறுவைகளின் பதிவுகளை ஆராய்ந்து 2017-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அறுவை முடிவில் கண்ணுக்குள் ஒரு நுண்ணுயிர்க்கொல்லி மருந்தைச் செலுத்தும் வழக்கம் வந்த பிறகு தொற்று 10,000-க்கு 7 என்ற நிலையிலிருந்து 2 ஆக இறங்கியிருந்தது. வேகம் தரத்தைக் கெடுக்கும் என்பது எல்லா இடத்துக்கும் பொருந்தாது. ஒரே வேலையை ஒரே முறையில் லட்சக்கணக்கில் செய்து, ஒவ்வொன்றையும் பதிவு செய்கிறவர்களுக்குத் தவறு எங்கே நிகழ்கிறது என்று மற்றவர்களைவிடச் சீக்கிரம் தெரிந்துவிடும்.

இத்தனையையும் அவர்கள் ரகசியமாக வைத்துக்கொள்ளவில்லை. 1992-இலேயே இதற்கென்று பயிற்சி நிலையம் தொடங்கி, வந்து கேட்கிற மருத்துவமனைகளுக்கெல்லாம் சொல்லிக்கொடுக்கிறார்கள். சொல்லிக்கொடுத்தும் அவர்கள் இடம் பறிபோகவில்லை. கருவியை வாங்குவதைவிட ஏற்பாட்டைக் கட்டுவது கடினம் என்று தொடக்கத்தில் சொன்னதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

இனி நம் கணக்குப் புத்தகத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இது உங்களில் பலரைப் பாதிக்கிற விஷயம், ஆனால் யாரும் மேடையில் பேசுவதில்லை. 20 லட்சம் கொடுத்து ஒரு ஸ்கேன் கருவி வாங்கினால் அது உங்கள் ஐந்தொகையில் சொத்து. ஆண்டுக்கு ஆண்டு தேய்மானம் கழித்துக்கொள்ளலாம். அதே 20 லட்சத்தைப் பணியாளர் பயிற்சிக்கும் வேலைமுறையைச் சீரமைப்பதற்கும் செலவிட்டால் கணக்கியல் விதிப்படி அது அந்த ஆண்டின் செலவு. சொத்தாகக் காட்ட அனுமதி கிடையாது. லாபம் அந்த ஆண்டு 20 லட்சம் குறைந்து தெரியும். வங்கிக்குப் போனால் மேனேஜர் கருவியின் கொட்டேஷன் கேட்பார். கருவியையே ஈடாக வைத்துக் கடனும் கிடைக்கும். ஆட்களுக்கு இரண்டாண்டுப் பயிற்சி கொடுக்கப் போகிறேன் என்று கடன் கேட்டுப் பாருங்கள். ஆக, லாபம் தரும் புதுமைக்குக் கடன் கிடைப்பது கடினம். அந்தப் புதுமைக்குத் துணையாக வரவேண்டிய கருவிக்கு எளிதாகக் கிடைக்கிறது. பல நிறுவனங்கள் கருவியை வாங்கிக் குவித்துவிட்டுத் தவணை கட்டத் திணறுவதற்கு இந்த ஏற்றத்தாழ்வும் ஒரு காரணம். சிறுதொழில் சங்கங்கள் வங்கிகளோடு பேசும்போது இதை எழுப்ப வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அடுத்து, புதுமையால் வரும் ஆதாயம் யாருக்குப் போகிறது? வில்லியம் நார்ட்ஹாஸ் என்ற பொருளாதார அறிஞர் 1948 முதல் 2001 வரையிலான அமெரிக்கக் கணக்குகளை ஆராய்ந்தார். புதுமையால் சமூகத்துக்குக் கிடைத்த மொத்தப் பயனில் அதைக் கொண்டுவந்த நிறுவனங்கள் லாபமாக வைத்துக்கொண்டது 2.2 சதவீதம்தான் என்பது அவர் மதிப்பீடு. மீதியெல்லாம் குறைந்த விலையாகவும் நல்ல சேவையாகவும் வாடிக்கையாளர்களுக்குப் போய்விட்டது. நாட்டுக்கு இது நல்ல செய்தி. நிறுவனம் நடத்துபவர் இதைத் தெரிந்துகொண்டுதான் முதல் போட வேண்டும்.

ஏடிஎம் இதற்கு நல்ல உதாரணம். 1967 ஜூன் 27 அன்று லண்டனின் என்ஃபீல்டு பகுதியில் பார்க்லேஸ் வங்கி முதல் பணப்பொறியை வைத்தது. இந்தியாவில் 1987-இல் மும்பையில் எச்.எஸ்.பி.சி. வங்கி வைத்தது. ஆரம்பத்தில் ஏடிஎம் உள்ள வங்கி என்றால் அது தனி மதிப்பு. பிறகு எல்லா வங்கியும் வைத்தன. இயந்திரங்கள் ஒரே வலையில் இணைந்தன. 2009 ஏப்ரலில் மற்ற வங்கி ஏடிஎம்மில் பணம் எடுக்கவும் வாடிக்கையாளரிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. இலவசத்துக்கு வரம்புகள் பின்னர்தான் வந்தன. யாரிடம் எத்தனை இயந்திரம் என்ற போட்டி பொருளற்றுப் போயிற்று. அமெரிக்காவில் 1988-இல் ஒரு நகரக் கிளைக்குச் சராசரியாக 20 காசாளர்கள் இருந்தார்கள். 2004-இல் 13 பேர். வேலை போயிற்று என்று நினைப்போம். ஆனால் ஒரு கிளையை நடத்தும் செலவு குறைந்ததால் வங்கிகள் புதிய கிளைகளைத் திறந்தன. காசாளர்களின் மொத்த எண்ணிக்கை குறையவில்லை என்று ஜேம்ஸ் பெஸன் என்ற ஆய்வாளர் காட்டினார். நோட்டு எண்ணுவதிலிருந்து விடுபட்ட பணியாளரை, வாடிக்கையாளரோடு உட்கார்ந்து கடனும் சேமிப்பும் பேசும் வேலைக்கு மாற்றிய வங்கிக்கு ஏடிஎம்மால் வருமானம் வந்தது.

யுபிஐ இன்னும் தெளிவான உதாரணம். 2016-இல் தொடங்கி, 2023 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 1,000 கோடிப் பரிவர்த்தனைகளைத் தாண்டியது. 2020 ஜனவரி முதல் கடைக்காரரிடம் வாங்கும் கட்டணம் பூஜ்யம். டீக்கடைக்குச் சில்லறைத் தொல்லை தீர்ந்தது, வாடிக்கையாளருக்கு வசதி. பணத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் செயலிகளுக்கு அந்த வேலையிலிருந்து வருமானம் மிகக் குறைவு. அவை கடன், காப்பீடு என்று அடுத்த சேவையைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது.

ஏற்பாடுதான் லாபம் தரும், ஆதாயத்தின் பெரும்பகுதி வெளியே போய்விடும் என்ற இரண்டு பாடமும் மால்கம் மெக்லீன் என்பவரின் வாழ்க்கையில் சேர்ந்தே இருக்கின்றன. லாரி கம்பெனி முதலாளியாக இருந்தவர். 1956 ஏப்ரல் 26 அன்று அமெரிக்காவின் நியூஆர்க் துறைமுகத்திலிருந்து ஹூஸ்டனுக்கு ஐடியல் எக்ஸ் என்ற பழைய கப்பலில் 58 சரக்குப் பெட்டிகளை ஏற்றி அனுப்பினார். அதுவரை மூட்டை மூட்டையாகச் சுமந்து ஏற்ற டன்னுக்கு ஆறு டாலருக்குச் சற்றுக் குறைவாகச் செலவானது. அன்று 16 சென்ட்தான் ஆயிற்று. சரக்குப் பெட்டி அவருக்கு முன்பே பலர் கையாண்ட ஒன்று. லாரி, கிரேன், கப்பல், துறைமுக வேலை என்று நான்கையும் அந்தப் பெட்டிக்கு ஏற்றபடி மாற்றி அமைத்ததுதான் அவருடைய செயல். உலக வாணிபமே அதனால் மாறியது. ஆனால் மற்றக் கம்பெனிகளும் பெட்டிக் கப்பலுக்கு வந்ததும் கட்டணப் போட்டி தொடங்கியது. பின்னாளில் அவர் யு.எஸ். லைன்ஸ் நிறுவனத்தை வாங்கி, எரிபொருள் விலை ஏறிக்கொண்டே போகும் என்ற நம்பிக்கையில் மெதுவாகப் போகும் பெரும் கப்பல்களைக் கட்டினார். எண்ணெய் விலை சரிந்தது. 1986-இல் நிறுவனம் திவாலானது. முதல் முறை அவருக்கு வெற்றி தந்தது வேலையின் ஏற்பாடு. இரண்டாம் முறை அவர் நம்பியது கப்பலின் அளவையும் எண்ணெய் விலையையும்.

தொழிற்சாலைக்கு இல்லாத இன்னொரு தொல்லையும் நமக்கு உண்டு. தொழிற்சாலையில் புது முறையை முயன்று பார்க்கும்போது கதவைச் சாத்திக்கொள்ளலாம். கெட்டுப்போன பொருளை வெளியே விடாமல் இருக்கலாம். ஓட்டலிலும் ஆஸ்பத்திரியிலும் பஸ்ஸிலும் புது முறையை வாடிக்கையாளர் கண்ணெதிரேதான் முயன்று பார்க்க வேண்டும். முதல் சில மாதங்கள் பணியாளர் தடுமாறுவார், வரிசை நீளும், பழைய வாடிக்கையாளர் முகம் சுளிப்பார். வருமானம் ஏறுவதற்கு முன்னால் இறங்கும். கணினி எல்லா இடத்திலும் கண்ணில் படுகிறது, உற்பத்தித்திறன் கணக்கில் மட்டும் காணோம் என்ற பொருளில் பொருளாதார அறிஞர் ராபர்ட் சோலோ 1987-இல் எழுதினார். அந்தப் பலன் கணக்கில் தெரிய அதற்குப் பிறகும் சில ஆண்டுகள் ஆயின. ஒரு நாட்டுக்கே அப்படியென்றால், புது பில்லிங் மென்பொருள் போட்ட மூன்றாம் மாதம் லாபம் கூடவில்லையே என்று ஒரு ஓட்டல் முதலாளி மனம் தளர வேண்டியதில்லை. ஆனால் மூன்றாம் மாதத்திலும் சப்ளையர் பழையபடி துண்டுச் சீட்டில் எழுதி, அதைப் பார்த்து இன்னொருவர் கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தால் கவலைப்படத்தான் வேண்டும். அங்கே வேலை இரட்டிப்பாகியிருக்கிறது.

அரவிந்த் ஒரு அறக்கட்டளை, நாங்கள் வட்டி கட்டித் தொழில் செய்பவர்கள் என்று சிலர் நினைக்கலாம். கண் மருத்துவமனையின் எல்லா வழியும் எல்லாத் தொழிலுக்கும் பொருந்தாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். கோடிக்கணக்கானவர்களுக்கு ஒரே மாதிரி வருகிற நோய் கண்புரை. உங்கள் வாடிக்கையாளரின் தேவை ஒவ்வொன்றும் வேறாக இருக்கலாம். ஆடிட்டர் அலுவலகத்தில் இரட்டை மேசை போட முடியாது. ஆனால் விலையுயர்ந்த ஒருவரின் நேரம் எங்கே வீணாகிறது என்ற கேள்வி அங்கேயும் உண்டு. பட்டயக் கணக்கர் ரசீது அடுக்கிக்கொண்டிருக்கிற அலுவலகமும் தலைமையாசிரியர் கட்டண நோட்டீஸ் எழுதிக்கொண்டிருக்கிற பள்ளியும் நம் நாட்டில் ஏராளம்.

பணியாளரைப் பற்றி ஒன்று. ஏற்பாட்டை மாற்றும்போது வேலை தெரிந்தவர்கள் அவர்கள்தான். வரிசை எங்கே நிற்கிறது, வாடிக்கையாளர் எதற்குத் திரும்பத் திரும்ப வருகிறார் என்பது கவுன்டரில் நிற்பவருக்குத் தெரியும். மேல்மாடி அறையில் இருப்பவருக்குத் தெரியாது. அவர் அதை உங்களிடம் சொல்ல வேண்டுமென்றால், சொன்ன பிறகு தன் வேலை போகாது, கூலி குறையாது என்ற உறுதி அவருக்கு வேண்டும். புதுமையால் மிச்சமான பணத்தில் அவருக்கும் பங்கு வேண்டும். இதைக் கருணையாகச் செய்யச் சொல்லவில்லை, நியாயமாகச் செய்யச் சொல்கிறேன். அந்த உறுதி இல்லாத இடத்தில் எந்த ஆலோசகரை அழைத்துவந்தாலும் மாற்றம் காகிதத்தோடு நின்றுவிடும்.

உங்களிடம் என் வேண்டுகோள் இது. அடுத்த கருவிக்கோ மென்பொருளுக்கோ அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் ஒரு வாரம் ஒதுக்குங்கள். உங்கள் நிறுவனத்தில் அதிகச் சம்பளம் வாங்குகிறவர் ஒவ்வொரு நாளும் எந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் செலவிடுகிறார் என்று அவரையும் உடன் வைத்துக்கொண்டு எழுதுங்கள். வாடிக்கையாளர் உள்ளே நுழைந்ததிலிருந்து வெளியே போகும்வரை எங்கெங்கே எவ்வளவு நேரம் காத்திருந்தார் என்று எழுதுங்கள். அந்த இரண்டு தாளையும் உங்கள் பணியாளர்கள் முன் வைத்து, எதை யார் கைக்கு மாற்றலாம் என்று அவர்களிடம் கேளுங்கள். அதன் பிறகும் கருவி தேவையென்று தோன்றினால் தாராளமாக வாங்குங்கள்.